அவுட்டோர் ஷூட்டிங்கும் டைரக்டரோட கையும்

கொடைக்கானல்னா இப்போ எல்லாருக்கும் குணா குகைதான். 1991ல 'குணா', 2024ல 'மஞ்சும்மல் பாய்ஸ்'. ஒரு டாக்டரா எனக்கு வேற கேள்வி வரும். வத்தலக்குண்டு தாண்டி மலையேறுற ஒரு யூனிட்ல, பகல் முழுக்கக் காட்டுல நிக்கிற பெண்கள் பாத்ரூமுக்கு எங்கே போவாங்க?

சிரிக்காதீங்க. மலையாள சினிமாவை விசாரிக்க 2017ல கேரள அரசு போட்ட நீதிபதி ஹேமா கமிட்டி இதை எழுதியிருக்கு. அவுட்டோர்ல கழிப்பறை இல்லை, உடை மாத்த மறைவிடம் இல்லை. அதனால பெண்கள் தண்ணியே குடிக்கிறதில்லை. சிறுநீர்த் தொற்று வருது. ராத்திரியானா ரூம் கதவைத் தட்டுறாங்க. 2019 டிசம்பர்ல கொடுத்த அறிக்கை வெளியே வந்தது 2024 ஆகஸ்ட்ல!

வீட்டை விட்டு தூரம், அடுத்த படம் கிடைக்குமான்னு பயம். இதுக்கு மேல, 'நடிப்பை வாங்கத்தான் டைரக்டர் அப்படிப் பண்றார்'னு நாமளே கொடுத்த சலுகை.

இது ஹாலிவுட்லயும் இருந்தது. ஹிட்ச்காக்கோட 'தி பேர்ட்ஸ்' 1963ல வந்தது. இயந்திரப் பறவைகள்னு சொல்லிட்டு, நாள் கணக்கா உயிருள்ள பறவைகளை மேல வீசினாங்கன்னு நடிகை டிப்பி ஹெட்ரன் சொல்லியிருக்காங்க. கடைசியில ஒரு டாக்டர்தான் ஓய்வு கொடுத்தே ஆகணும்னு நின்னார். (யாருன்னு தெரியாது, என் வணக்கம்.) ஹிட்ச்காக் தன்கிட்ட பாலியல் ரீதியா அத்துமீறினதையும் 2016ல சுயசரிதையில எழுதினாங்க. அதுக்குள்ள அரை நூற்றாண்டு போயிருச்சு.

நம்ம ஊருக்கு வாங்க. 2007, 'மிருகம்' படம். டைரக்டர் சாமி கன்னத்துல அறைஞ்சார்னு பத்மப்ரியா நடிகர் சங்கத்துல புகார் கொடுத்தாங்க. அவருக்குச் சில காலம் படம் எடுக்கத் தடை வந்தது. அன்னைக்கு அது பெரிய விஷயம். ஆனா கவனிங்க, முடிவெடுத்தது சினிமா சங்கங்கள். ஒரு ஆபீஸ்ல மேனேஜர் அறைஞ்சா சங்கத்துக்கா போவோம்?

2013ல பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. அதுல 'பணியிடம்'னா ஆபீஸ் கட்டடம் மட்டும்னு இல்லை. வேலைக்காகப் போற இடமும், முதலாளி ஏற்பாடு பண்ணின வண்டியும் சேரும். அப்படின்னா கொடைக்கானல் ஏறுற யூனிட் வேனும் பணியிடம்தான். ஆனா 2018ல மீடூ வந்தப்போ நாம என்ன கேட்டோம்? 'இத்தனை நாள் ஏன் சொல்லலை?'ன்னுதான்.

2022 மார்ச்ல கேரள உயர் நீதிமன்றம், ஒவ்வொரு படத் தயாரிப்புலயும் உள் புகார் குழு வேணும்னு சொன்னது. வழக்குக்குப் போனது சினிமாப் பெண்கள் அமைப்பான டபிள்யூ.சி.சி. அதுல பத்மப்ரியாவும் இருக்காங்க. அறை வாங்கி 15 வருஷம் கழிச்சு!

யூனிட்ல வேலை பார்க்கிற தங்கச்சிகளுக்கு: பத்து பேருக்குக் குறைவான இடம்னாலும், புகாரே முதலாளி மேலன்னாலும் மாவட்ட உள்ளூர் புகார் குழு இருக்கு. கொடைக்கானல்னா திண்டுக்கல் மாவட்டம். மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும். காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம்.

அடிபட்டு ஜி.ஹெச். வந்தா 'வழுக்கி விழுந்துட்டேன்'னு சொல்லாதீங்க. யார், எப்போ, எதால அடிச்சாங்கன்னு நீங்க சொல்றதைத்தான் ஏ.ஆர். புக்ல எழுதுவோம். பின்னாடி கோர்ட்டுல பேசப்போறது அந்த வரிதான்.