சுரண்டப்பட்ட பெயர்

தாமஸ் என்னும் பெயர் அரமேய மொழியில் 'இரட்டையர்' எனப் பொருள்படும். நற்செய்தியாளர் யோவான் 'திதிம்' என்று கிரேக்கத்தில் குறிப்பதும் அதுவே. 1066இல் நார்மானியர் வருமுன், இங்கிலாந்தில் இப்பெயர் பெரும்பாலும் குருக்களிடையேதான் வழங்கியது. 1170 டிசம்பர் 29 அன்று கேன்டர்பரிப் பேராலயத்தினுள் பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டுண்டு மாண்டார், 1173இல் புனிதரானார். அதன்பின் எளியோர் இல்லங்களிலும் தாமஸ்கள் பெருகினர்.

1538இல் எட்டாம் ஹென்றி அவரது கல்லறையைத் தகர்த்து, வழிபாட்டு நூல்களினின்று அப்பெயரை நீக்க ஆணையிட்டான். அவனுடைய முதன்மை அமைச்சரோ தாமஸ் கிராம்வெல். கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் கிரான்மர்! மன்னனைத் திருச்சபையின் தலைவனாக ஏற்க மறுத்து 1535இல் தலை கொடுத்தவர் தாமஸ் மோர்.

அன்று சுரண்டப்பட்ட ஏடுகள் சில இன்றும் உள்ளன. வேறு சிலவற்றில் மெல்லிய கோடு மட்டுமே. பெயரைத் தடையின்றி வாசிக்கலாம்.