மணிலாவில் மூன்று நாட்கள்

சங்கீதக் கோஷ்டி ஒன்று கடல் கடந்து போய்க் கச்சேரி செய்து, பணமும் புகழும் வாங்கிக்கொண்டு திரும்புவதில் சரித்திரம் எழுதும்படியாக என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் 1966-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் லண்டனிலிருந்து புறப்பட்ட நான்கு இளைஞர்களின் பிரயாணம் அப்படி முடியவில்லை. ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற அந்த நால்வரை உலகம் ‘பீட்டில்ஸ்’ என்று அறியும். ஜெர்மனி, ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று சுற்றிவிட்டு வீடு திரும்பியபோது, ஊர் ஊராகப் போய்ப் பாடும் ஆசையே அவர்களுக்கு அற்றுப்போயிருந்தது. காசு கொட்டுகிற தொழிலை, புகழின் உச்சியில் இருக்கும்போதே, ஒருவன் ஏன் உதறுகிறான்? மனித மனத்தை வைத்துக் கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைவிட ருசியான கேள்வி வேறு இல்லை.

முதலில் ம்யூனிக், பிறகு எஸ்ஸென், ஜூன் 26-ல் ஹாம்பர்க். ஹாம்பர்க் அவர்களுக்குப் புது ஊர் அல்ல. 1960-ல், பெயர் தெரியாத பையன்களாக வந்து, அந்தத் துறைமுகப் பட்டினத்தின் இரவு விடுதிகளில் ராத்திரி முழுவதும் மணிக்கணக்காக வாசித்துக் கை பழகிக்கொண்ட இடம் அது. மாலுமிகளும் குடிகாரர்களும்தான் அன்றைய ரசிகர்கள். ஆனால் அந்தக் குடிகாரர்களின் காதில் பாட்டு விழுந்தது. இப்போது அதே ஊரில் அவர்கள் மேடையில் நின்றது சுமார் அரை மணி நேரம். பாடியது பதினொரு பாட்டு. அதையும் யாரும் கேட்டதாகச் சொல்ல முடியாது. கூட்டத்தின் கூச்சல் அப்படி! பாடுகிறவர் தம் குரலைத் தாமே கேட்பதற்கு மேடையில் இன்று வைக்கிற ஒலிபெருக்கி வசதி அந்த நாளில் கிடையாது. முன்னால் நிற்கிற மூவரின் முதுகும் தலையும் ஆடுவதைப் பார்த்தே, பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று ஊகித்துத் தாளம் போட்டாராம் ரிங்கோ. சங்கீதக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

இன்னொரு விஷயமும் இருந்தது. புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்புதான் ‘ரிவால்வர்’ என்ற இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவை முடித்திருந்தார்கள். நாடாக்களைத் திருப்பி ஓட்டியும், வெட்டி ஒட்டியும், எட்டுத் தந்தி வாத்தியக்காரர்களை வரவழைத்தும் செய்த புது மாதிரியான வேலை அது. அதில் ஒரு பாட்டைக்கூட அவர்கள் அந்தப் பிரயாணத்தில் பாடவில்லை. இரண்டு கிதார், ஒரு பாஸ் கிதார், ஒரு முரசு வரிசை, இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிப் பாட முடியும்? மனம் ஒரு பக்கம் வளர்ந்துவிட்டது. மேடை பழைய இடத்திலேயே நின்றது.

டோக்கியோவுக்குப் போகும் வழியில் சூறாவளி குறுக்கிட, அலாஸ்காவில் இறங்கிக் காத்திருந்து, ஜூன் 30 விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார்கள். கச்சேரிக்கு ஏற்பாடாகியிருந்த இடம் நிப்பான் புடோகான். 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய மண்டபம். வீர விளையாட்டுக்கென்று எழுந்த இடத்தில் மேல்நாட்டுக் கிதார்க்காரர்கள் கால் வைக்கலாமா என்று தேசியவாதிகள் கொதித்தார்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. அரசாங்கம் ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்களை நிறுத்தியது. ஹோட்டல் அறையை விட்டு நால்வரும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. பொழுது போகாமல், ஒரே தாளின் நான்கு மூலைகளில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் வர்ணம் தீட்டினார்கள். அந்தச் சித்திரம் இன்றும் இருக்கிறது. தங்கக் கூண்டுக் கிளிகள் என்பது பழைய உவமைதான். ஆனாலும் வேறு உவமை எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாளில் ஐந்து கச்சேரிகள். போலீஸ் பந்தோபஸ்துக்கு நடுவில் ஜப்பானிய ரசிகர்கள் இடத்தை விட்டு எழாமல், ஓரளவு அமைதியாகவே இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வெகு நாட்களுக்குப் பிறகு அங்கேதான் தங்கள் பாட்டு தங்கள் காதில் விழுந்தது. விழுந்ததும் திடுக்கிட்டார்கள். சுருதி விலகியிருந்தது, சேர்ந்திசை தடுமாறியது. கூச்சல் இத்தனை நாள் அவர்கள் குறைகளை மூடி வைத்திருந்திருக்கிறது!

ஜூலை 3-ல் மணிலா. இங்கேதான் கதை திரும்புகிறது. மறுநாள் காலை 11 மணிக்கு மாலகன்யாங் மாளிகையில் ஜனாதிபதியின் மனைவி இமெல்டா மார்கோஸ் அவர்களுக்கு வரவேற்பு ஏற்பாடு செய்திருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியும் வந்துவிட்டது. வர வேண்டியவர்களுக்கு மட்டும் விஷயம் சரியாகப் போய்ச் சேரவில்லை. காலையில் அதிகாரிகள் ஹோட்டலுக்கு வந்து அழைத்தபோது, நால்வரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்ப மாட்டேன் என்றுவிட்டார் நிர்வாகி பிரையன் எப்ஸ்டீன்.

திமிர் என்று தோன்றும். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1964 பிப்ரவரியில் வாஷிங்டன் பிரிட்டிஷ் தூதரகத்தில் நடந்த விருந்தில், பெரிய மனிதர் கூட்டம் இவர்களை வேடிக்கைப் பொருளாக நடத்தியது. ஒருவர் கத்தரிக்கோலை எடுத்து ரிங்கோவின் தலைமயிரையே கத்தரித்துவிட்டார். இனி அரசாங்க விருந்து எதற்கும் போவதில்லை என்று அன்றே தீர்மானம் செய்துகொண்டார்கள். வாஷிங்டனில் விதைத்தது மணிலாவில் முளைத்தது.

மாளிகையில் குழந்தைகள் காத்திருந்தார்கள். மந்திரிகள் வீட்டுக் குழந்தைகள், தளபதிகள் வீட்டுக் குழந்தைகள். காலி நாற்காலிகளையும் வாடிய முகங்களையும் தொலைக்காட்சி நாடு முழுவதும் காட்டியது. அன்று பிற்பகலிலும் இரவிலும் ரிசால் நினைவு மைதானத்தில் நடந்த இரண்டு கச்சேரிகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 80,000 பேர் வந்து ஆரவாரித்தார்கள். எப்ஸ்டீன் தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தார். அந்த நேரம் பார்த்து ஒளிபரப்பில் இரைச்சல் புகுந்து அவர் பேச்சை விழுங்கிவிட்டது.

விடிந்ததும் எல்லாம் தலைகீழ். ஹோட்டலில் சிப்பந்திகள் ஏனென்று கேட்கவில்லை. பாதுகாவலுக்கு நின்ற போலீஸ் மாயமாய் மறைந்தது. வரி கட்டாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று அதிகாரிகள் வந்து நின்றார்கள். விமான நிலையத்தில் நகரும் படிகள் நின்றுபோயின. வாத்தியங்களையும் பெட்டிகளையும் தாங்களே சுமந்து ஏற வேண்டியதாயிற்று. சுற்றி நின்ற கும்பல் தள்ளியது, குத்தியது. கார் ஓட்டி ஆல்ஃப் பிக்னெலும் சாமான்களைக் கவனிக்கும் மால் எவன்ஸும் நன்றாக உதைபட்டார்கள். ஏறிய பிறகும் விட்டார்களா? எவன்ஸையும் பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோவையும் திரும்ப இறக்கி, தஸ்தாவேஜுகளில் கோளாறு என்று அலைக்கழித்த பிறகே விமானம் கிளம்பியது.

இதற்கெல்லாம் யார் உத்தரவு போட்டது? உத்தரவு தேவைப்பட்டிருக்காது என்பதுதான் என் எண்ணம். அரண்மனையில் ஒரு முகம் சுளித்தால் போதும். அதைப் பார்த்த சேவகன் தடியெடுப்பான், அவனைப் பார்த்து ஊரே கல்லெடுக்கும். தலைவாசலில் பட்ட அவமானம் கடைசியில் மூட்டை தூக்குகிறவன் முதுகில்தான் விடியும். தாக்கியது தவறு என்று ஜனாதிபதி பெர்டினான்ட் மார்கோஸ் பின்னால் அறிக்கை விட்டார். பதவி ஏற்று ஆறு மாதமே ஆன ஜனாதிபதி அவர். 1972-ல் அவர் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்ததையும், 1986-ல் மக்கள் திரண்டு எழ, குடும்பத்தோடு நாட்டை விட்டு ஓடியதையும் அறிந்தவர்களுக்கு, அந்த விமான நிலையக் காட்சி ஒரு முன்னுரை போலத் தோன்றும்.

ஆனாலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காத்திருந்த குழந்தைகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. விருந்துக்கு வராமல் இருக்கக் கலைஞனுக்கு உரிமை உண்டு. வர முடியாது என்று உரிய நேரத்தில் பணிவாகச் சொல்லக் கடமையும் உண்டு. ஆனால் அந்தக் கடமை தவறியதற்குத் தண்டனை உதை அல்ல.

அங்கிருந்து டில்லி. ஜார்ஜ் அங்கே ஒரு நல்ல சிதார் வாங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் பண்டிட் ரவிசங்கரிடம் பாடம் கேட்க இந்தியாவுக்குத் திரும்பியும் வந்தார். மற்றபடி, லண்டனுக்குத் திரும்பும்போது நால்வர் வாயிலும் ஒரே பேச்சு: போதும் இந்த ஊர்சுற்றல்.

ஒப்புக்கொண்ட அமெரிக்கப் பிரயாணம் மட்டும் ஆகஸ்டில் பாக்கியிருந்தது. இயேசுவைவிட இப்போது தாங்கள் பிரபலம் என்று லென்னன் மார்ச் மாதம் சொன்ன ஒரு வாக்கியம் அங்கே தீயாய்ப் பரவி, இசைத்தட்டுகளைக் கொளுத்தினார்கள். ஆகஸ்ட் 29-ல் சான்பிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் மைதானத்தில் கடைசிக் கச்சேரி. 42,500 பேர் அமரக்கூடிய இடத்தில் சுமார் 25,000 டிக்கெட்டுகளே விற்றன.

இதுதான் முடிவு என்று அவர்களுக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. கச்சேரியைப் பதிவு செய்து வைக்கும்படி மெக்கார்ட்னி பாரோவிடம் கேட்டுக்கொண்டார். அவரும் மைதானத்தில் நின்று சிறிய கருவியில் பதிவு செய்தார். நாடாவின் ஒரு பக்கம் அரை மணி நேரம். கடைசிப் பாட்டின் நடுவில் அது தீர்ந்துபோயிற்று.

அதன் பிறகு அவர்கள் பாடாமல் இல்லை. 1967-ல் ‘சார்ஜன்ட் பெப்பர்’ வந்தது. நாலு சுவருக்குள், தங்கள் குரலைத் தாங்களே நிதானமாகக் கேட்டுச் செய்த பாட்டுகள். ஹாம்பர்க் விடுதியில் மாலுமிகளுக்குக் கிடைத்த பாக்கியம், நடுவில் சில வருஷம் கூச்சலில் காணாமல் போயிருந்தது, மறுபடியும் கேட்கிறவனுக்குக் கிடைத்தது.