குறிஞ்சியின் நீலமும் பிலிமின் நீலமும்

தேவிகுளம் வட்டத்து இரவிகுளம் மலைச்சரிவுகளில் நீலக்குறிஞ்சி 1982இலும் 1994இலும் பூத்தது. இரண்டும் ஸ்லைடு பிலிம் காலத்துப் பூப்புகள். ஆனால் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பிலிமே மாறிவிட்டது.

1935இல் அறிமுகமான கோடாக்ரோமில் சாயங்கள் கழுவும்போதுதான் சேர்க்கப்பட்டன. அதில் சிவப்பு ஆழ்ந்து நிற்கும், பச்சை அடங்கியிருக்கும், இருளில் வைத்தால் நிறம் நெடுங்காலம் மங்காது. 1990இல் வெளிவந்த ஃபூஜியின் வெல்வியாவோ பச்சையையும் ஊதாவையும் கண் காண்பதைவிடச் செறிவாக்கும். அதன் ஒளிநிழல் வேறுபாடும் கடுமையானது: வெயிலில் மலர் சரியாகப் பதிந்தால் அருகிலுள்ள சோலையின் நிழல் கருந்திட்டாகிவிடும். போதாக்குறைக்கு, சில நீலமலர்கள் எறியும், கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் கடைச்சிவப்பொளியைப் பிலிம் வாங்கிக்கொண்டு மலரை இளஞ்சிவப்பாக்குவதும் உண்டு.

ஆகவே வெளிறிய பழைய ஸ்லைடையும் செழித்த பிந்தைய ஸ்லைடையும் அருகருகே வைத்து, எந்த ஆண்டில் குறிஞ்சி அடர்ந்து பூத்தது என்று தீர்ப்பளிப்பது அவசரம். முதலில் கேட்க வேண்டியது பிலிமின் பெயர். அது பெரும்பாலும் அட்டைச் சட்டத்திலோ, சட்டத்துள் மறைந்த பிலிம் ஓரத்திலோ அச்சாகியிருக்கும். ஸ்கேன் செய்வோர் முதலில் வெட்டி எறிவதும் அந்த ஓரத்தைத்தான். கோடாக்ரோமுக்கு மட்டும் வேறொரு சாட்சியும் உண்டு: மருந்துப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் உருவம் மேடுபள்ளமாகத் தெரியும்.