புகைப்பழக்கத்தைக் கைவிடக் கைபேசி வழி ஆலோசனை

பெங்களூரு: புகையிலைப் பழக்கத்தைக் கைவிட விரும்புவோருக்குக் கட்டணமின்றி ஆலோசனை வழங்கும் தேசியத் தொலைபேசிச் சேவை, 2016-ஆம் ஆண்டு டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. இதன் துணை மையம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் உள்ளது; இங்கு தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

சேவை எண் 1800-11-2356, 2018 செப்டம்பர் முதல் சிகரெட், பீடி உறைகளில் அச்சிடப்படுகிறது. ஆலோசகரின் உதவியுடன் அழைப்பவர் பழக்கத்தை நிறுத்தும் நாளைத் தீர்மானிக்கிறார். பின்னர் ஆலோசகரே அழைத்து நிலையைக் கேட்டறிகிறார். 2016-ஆம் ஆண்டு தொடங்கிய 'எம்-செசேஷன்' திட்டம், மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்வோருக்குக் குறுஞ்செய்தி வழியே வழிகாட்டுகிறது.

2016-17 தேசிய ஆய்வின்படி, நாட்டில் 26.7 கோடிப் பெரியவர்கள் புகையிலை பயன்படுத்துகின்றனர். புகைக்கும் உந்துதல் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்நேரத்தைக் கடக்க விறுவிறுப்பான நடை உதவும். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.