பருப்புத் தேங்காயும் வாடகை அன்னாசியும்

பருப்புத் தேங்காயில் தேங்காயைத் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ மனோகரமோ, வெல்லப்பாகில் கிளறி, சூடு ஆறுவதற்குள் கூம்புக் கூட்டில் அடைத்து எடுத்தால் குட்டிக் கோபுரம் மாதிரி நிற்கும். எப்போதும் ஜோடியாகத்தான் வைப்பார்கள். திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை, கோட்டைப் பக்கத்து அக்ரஹாரங்களில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டாம். இங்கே கனடாவில் பிறந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

பக்கத்தில் சீர் பட்சணம். ஐந்து சுற்று, ஏழு சுற்று, ஒன்பது சுற்றுக் கை முறுக்கு, லட்டு, அதிரசம் என்று வரிசையாக அடுக்கியிருக்கும். எது எத்தனை என்று முன்னாடியே பேசி வைத்துக்கொள்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் சம்பந்தி முகம் சுண்டிப் போகும். பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்கி முறுக்குச் சுற்ற வைத்த கதைகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அதனால் அந்தக் காலத்தைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. ஆனால் ஒன்று. காட்சிக்கு வைத்தது அத்தனையும் அப்புறம் வீடு வீடாகப் போனது. பருப்புத் தேங்காயை உடைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். முறுக்கு பத்து நாள் தாங்கும்.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்றால், அண்ணா பெண்ணின் ரிசப்ஷனுக்குக் கேட்டரிங்காரர் அனுப்பிய எஸ்டிமேட்டை மன்னி எனக்கும் அனுப்பியிருந்தாள். சாப்பாடு ஆளுக்கு இவ்வளவு என்று ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே, ஆள் கணக்கே இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை: தர்பூசணியில் செதுக்கிய மயில், கலர் கலராக ஜூஸ் கோபுரம், சாக்லேட் நீரூற்று, அன்னாசி மரம். அண்ணா ரிடையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. செலவெல்லாம் பி.எஃப். பணம். இது சாப்பிடவா பார்க்கவா என்று கேட்டேன். "போட்டோவுக்குடா" என்றான்.

அன்னாசி என்றதும் எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் அந்தக் குளிரில் கண்ணாடிக் கூடம் கட்டி, சூடு ஏற்றி அன்னாசி வளர்த்தார்கள். விலை எக்கச்சக்கம். அதனால் வாடகைக்கு விட்டார்கள் (சத்தியமாக!). ஒரே பழம் இன்று ஒரு வீட்டு விருந்தில் மேஜை நடுவே உட்காரும், அடுத்த விருந்துக்கு வேறு வீடு. நம் ஊர்க் கதையே வேறு. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த பழம் கேரளத்தில் அப்படி வேர்விட்டு, எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளம் அன்னாசிக்கு 2009ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அப்பேர்ப்பட்ட ஊரில் அன்னாசி மரம் வைத்து யாரை அசத்தப் போகிறோமாம்?

கல்யாணச் செலவைக் கண்டித்தவர்களும் அந்த மண்ணில் உண்டு. நெய்யாற்றின்கரைப் பக்கம் அருவிப்புறத்தில் 1888ல் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த ஸ்ரீ நாராயண குரு, சின்னப் பெண்களுக்கு நாள் கணக்கில் விருந்து வைத்துக் குடும்பங்கள் கடனில் மூழ்கிய 'தாலிகெட்டு கல்யாணத்தை' விடச் சொன்னார். உண்மையான கல்யாணத்துக்கும் பத்துப் பேர் போதும் என்றார். அண்ணாவிடம் இதைச் சொன்னதுக்கு, "பத்துப் பேரா? உன் மன்னி ஆத்துக்காராளே பஸ் நிறைய வரா" என்கிறான் :-)

கடைசியில் மயிலும் நீரூற்றும் மரமும் கட். ஜூஸ் உண்டு, கோபுரம் கிடையாது. மிச்சமானதில் ஒரு பங்கு கரமனையில் ஒரு மாமியிடம் முறுக்குக்கும் பருப்புத் தேங்காய்க்கும் போகிறது, வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்ப.

எஸ்டிமேட்டில் வராத செலவு ஒன்றும் இருக்கிறது, குப்பை. நகரக் குப்பையெல்லாம் விளப்பில்சாலை ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றம் தாங்காமல் ஊர்க்காரர்கள் போராட, 2011 டிசம்பரில் ஆலையைப் பூட்டினார்கள். அதற்கப்புறம் அவரவர் குப்பையை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. 2015 தேசிய விளையாட்டுப் போட்டியைச் 'சுசித்வ மிஷன்' பசுமை நெறிமுறையோடு நடத்திக் காட்டியது. பேப்பர் கப், பிளாஸ்டிக் தட்டு வேண்டாம் என்ற அந்தப் பழக்கம் பின்னால் கல்யாணங்களுக்கும் வந்தது. ஆகவே இங்கிருந்தபடியே ஊரில் மண்டபம் பேசுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கேளுங்கள்: மிச்சமாகும் சாப்பாட்டையும் வெட்டிப் போட்ட பழத்தோலையும் யார் எடுத்துப் போவார்கள், அதற்குத் தனியாக எவ்வளவு?