நூலடுக்கிலிருந்து குறிச்சொல் வரை

பகாங் மாநிலத்துக் கேமரன் மலை, 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை அளந்தாய்ந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கி நிற்பது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் அங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். 1931இல் தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சாலை எட்டியது. காடு திருத்தித் தேயிலை வளர்த்த உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளியமைக்க வேண்டும் என்று ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் இவ்வாறு பெருகின. ஆயினும், பள்ளி வந்த வேகத்தில் நூல்கள் வரவில்லை. நெடுங்காலம் தோட்டத்து ஆசிரியரின் குறை, படிப்பிக்கப் போதிய நூலில்லை என்பதாகவே இருந்தது.

இன்று அக்குறை வேறு வடிவம் கொண்டுள்ளது. இணையத்தில் பாடப்பொருள் மிகுதி. வேண்டியது வேண்டியபொழுது கைக்கு வருவதே அரிது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்வுண்மை நன்கு விளங்கிற்று. கைப்பேசி வழியே நாள்தோறும் அனுப்பப்பெறும் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். சென்ற வாரத்துப் பாடம் அக்குவியலின் அடியில் மறையும்.

குவிந்ததை ஒழுங்கு செய்யும் கலைக்குத் தமிழ்நாடு ஒரு பேரறிஞரைத் தந்துள்ளது. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ.இரா. அரங்கநாதன், கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். கேமரன் மலைக்குச் சாலை வந்த அதே 1931இல், நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டார். படிப்பவரின் காலத்தைக் காத்தல் வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி நூலகம் ஊர்களை நாடிச் சென்றதும் அவ்வாண்டிலேதான். 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை, ஒரு நூலின் பொருளை இடம், காலம் முதலிய கூறுகளாகப் பகுத்துக் குறியீடுகளால் இணைத்துக் காட்டியது.

எனினும், அச்சிட்ட நூல் அடுக்கில் ஓரிடத்தில்தான் இருக்க இயலும். தேயிலை பற்றிய நூலை அறிவியலில் வைப்பதா, வரலாற்றில் வைப்பதா? இத்தடை இணையத்தில் நீங்கிற்று. 2003இல் ஜோசுவா ஷாக்டர் தொடங்கிய டெலிசியஸ் என்னும் சேவை, பயனர் தாம் கண்ட பக்கங்களைச் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு குறிச்சொற்கள் சூட்டி, பிறரோடு பகிர வழிசெய்தது. அறிஞர் வகுத்த பகுப்பின் அருகே, பயன்படுத்துவோர் தாமே இடும் பெயர்களுக்கும் மதிப்பு உண்டாயிற்று.

தமிழில் இதற்கு முன் ஓர் இடர் தீர வேண்டியிருந்தது. எழுத்துருக்கள் பலவாய், குறியேற்றங்கள் வெவ்வேறாய் இருந்த நாளில், ஒரே தமிழ்ச் சொல்லைக் கணினி வெவ்வேறு சொற்களாகக் கொண்டது. 1999இல் சென்னையில் நடந்த மாநாடு தாம், தாப் என்னும் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. பின்னர் யூனிகோடு பரவி, தமிழ்ச் சொற்களைத் தேடுவதற்குப் பொது அடிப்படை அமைந்தது. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் இவ்வளர்ச்சியில் குறிப்பிடத்தக்கது.

எழுத்து ஒன்றானாலும் சொல் ஒன்றாவது ஆசிரியர் கையில் உள்ளது. தேயிலை பற்றிய பக்கத்திற்குத் 'தேயிலை', 'அறிவியல்', 'தோட்ட வரலாறு', 'ஆண்டு 4' என நான்கு குறிச்சொற்கள் இடலாம். ஆனால், ஒருவர் 'மலேசியா' என்றும் மற்றொருவர் 'மலேஷியா' என்றும் எழுதினால், ஒருவர் சேர்த்தது மற்றவர்க்குக் கிட்டாமற் போகலாம். பறித்த கொழுந்து உலர்ந்தபின் சலித்துத் தரம் பிரிக்கப்பட்டே பெட்டிக்குச் செல்லும். ஆளுக்கொரு சல்லடை கொண்டு பிரித்தால் தரம் என்பதே இராது. ஒரு வட்டாரத்து ஆசிரியர்கள் கூடிச் சொற்பட்டியல் ஒன்றை முதலில் வகுத்துக்கொள்வது இதனால் இன்றியமையாதது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. டெலிசியஸ் 2005இல் யாகூ நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பின்னும் கைமாறி, 2017இல் பின்போர்டு வாங்கியபின் புதிய சேமிப்பை ஏற்பதை நிறுத்தியது. சேவை மறைந்தால் அதனை மட்டும் நம்பிய உழைப்பும் மறையும். ஆகவே, தொகுத்த பட்டியலின் படியொன்று ஆசிரியரிடமும் பள்ளியிடமும் இருத்தல் வேண்டும்.

தோட்டப் பள்ளி ஆசிரியர் மாற்றலாகிச் செல்வார். அவர் தேடிக் கண்டவை அவரோடு போய்விடின், அடுத்து வருபவர் மீண்டும் முதலடியிலிருந்தே மலையேற வேண்டும். தெளிவான பெயரிட்டு விட்டுச்சென்ற பட்டியலோ, அவர் முகம் காணாத மாணவர்க்கும் பயன்தரும். அரங்கநாதனார் காக்கச் சொன்ன காலம் அம்மாணவர்களின் காலமே.