அறுந்த இடம் எங்கே?



செய்தியை விரைவாக அனுப்பும் கலையைப் பற்றிப் பாடநூல்கள் நிறையப் பேசுகின்றன. போன செய்தி எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று கண்டறியும் கலையைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. ஆயினும், முதற்கலை நிலைத்து நின்றது இரண்டாவதன் துணையால்தான். அந்த இரண்டாம் கலையின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

நம் சிவகாசியிலிருந்தே தொடங்கலாம். தீப்பெட்டி லேபிள்களுக்காக இங்கே வேரூன்றிய அச்சுத்தொழில், நாட்காட்டி, டைரி, நோட்டுப் புத்தகம் என்று கிளைவிட்டது. ஆடிப்பெருக்கன்று வரும் ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது இவ்வூர் வழக்கம். அன்று முதல் மார்கழி வரை அச்சகங்களில் ஓய்வு ஏது? வடிவமைப்பாளரின் கணினியிலிருந்து பக்கங்கள் இன்று கணினி வலையின் வழியாகவே அடுத்த பகுதிக்குச் செல்கின்றன. கனத்த சுவர்களும் இரும்பு எந்திரங்களும் வானொலி அலைகளை மறிப்பதால், பெரிய அச்சகத்துக்கு ஒரே வைஃபை பெட்டி போதாது. ஆக்சஸ் பாயிண்ட் எனப்படும் பல பெட்டிகளை ஆங்காங்கே பொருத்தி, ஒவ்வொன்றையும் கேபிளால் ஸ்விட்ச் எனும் இணைப்புப் பெட்டியோடு சேர்க்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெயரோ கம்பியில்லா வலை. ஆனால் செய்தி அலையாகத் தாண்டுவது கடைசிச் சில மீட்டர்களை மட்டுமே. மற்ற வழியெல்லாம் கம்பிதான். வலை நின்றதும் எல்லோரும் காற்றைக் குறை சொல்கிறார்கள். குற்றம் பெரும்பாலும் கம்பியில் ஒளிந்திருக்கிறது. இதை நமக்குக் கற்பித்தவர்கள் பழைய தந்திக்காரர்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த வில்லியம் ஓஷானஸி, 1839இல் கல்கத்தாவுக்கு அருகே சோதனைத் தந்திப் பாதை ஒன்றை அமைத்தார். 1851இல் கல்கத்தாவும் டயமண்ட் ஹார்பரும் தந்தியால் இணைந்தன. 1855க்குள் ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகியனவும் கல்கத்தாவோடு சேர்ந்துவிட்டன. ஆயிரக்கணக்கான மைல் கம்பி. அதன்மேல் புயல், இடி, குரங்கு. அதைத் தாங்கிய மரங்களிலோ கறையான். கம்பி அறுந்தால் முழுப் பாதையையும் நடந்து பார்ப்பது இயலுமா? வழியிலுள்ள நிலையங்கள் ஒவ்வொன்றையும் அழைத்துப் பார்ப்பார்கள். மூன்றாவது நிலையம் விடை தருகிறது, நான்காவது மௌனமாயிருக்கிறது என்றால், குற்றம் அவ்விரண்டுக்கும் இடையேதான். கண்மாய்த் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லையென்றால், நம் உழவர் வாய்க்காலைப் பின்பற்றி மடைமடையாகப் பார்த்துக்கொண்டு போவதில்லையா? அதே முறைதான் இதுவும்.

கடலுக்கடியில் நிலையம் ஏது? 1858இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் இட்ட தந்திக் கம்பி சில வாரங்களிலேயே ஊமையாயிற்று. செய்தி மங்கியபோது, மின்னழுத்தத்தை ஏறத்தாழ 2,000 வோல்ட்டாக உயர்த்தினார் வைல்ட்மன் வைட்ஹவுஸ். முன்பே பழுதுற்றிருந்த கம்பி அதனால் விரைந்து அழிந்தது. காரணம் அறியாமல் வலிமையைக் கூட்டுவது வைத்தியம் ஆகாது என்பதை உலகம் பெரும் பொருட்செலவில் கற்றது. அறிஞர்கள் அளவையின் பக்கம் திரும்பினர். கரையிலிருந்தே கம்பியின் மின்தடையை அளந்து, பழுது எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடும் முறை வளர்ந்தது. நிலையான அட்லாண்டிக் தந்தி 1866இல் கைகூடியது.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது, முறை முடியவில்லை. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ளது. இத்தகைய கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். கரையிலிருந்து அனுப்பிய ஒளித்துடிப்பு, முறிந்த இடத்தில் மோதி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், முறிவு 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒளி போய்வந்த தூரம் 200 கிலோமீட்டர் அல்லவா?

இனி, கணினி வலைக்கு வருவோம். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர், தீவுகளுக்கிடையே வானொலி அலைகளால் கணினிகளை இணைத்தனர். அம்முயற்சியிலிருந்து ஊக்கம் பெற்ற ராபர்ட் மெட்கஃப், 1973இல் ஈதர்நெட் எனும் கம்பிவலையை வகுத்தார். அலைவழி வைஃபையின் முதல் தரநெறி 1997இல் வெளியாயிற்று. பழைய தந்தி நிலையத்தின் அழைப்பும் கணினிக்குள் மறுபிறவி எடுத்தது. மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் 'பிங்' என்ற சிறு நிரலை எழுதினார். அது தொலைவிலுள்ள கணினியை 'இருக்கிறாயா?' என்று கேட்கும். விடை வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் சொல்லும்.

கம்பி அறுந்தால் மட்டுமா வலை நிற்கும்? கம்பி ஒன்று கூடிப்போனாலும் நிற்கும்! இரண்டு ஸ்விட்சுகளுக்கிடையே தெரியாமல் இரண்டாவது கேபிளைச் செருகிவிட்டால், அங்கே ஒரு வளையம் உண்டாகிறது. எல்லோருக்குமாக அனுப்பிய செய்தி அவ்வளையத்தில் ஓயாமல் சுற்றிப் பெருகி, வலை முழுவதையும் திணறடித்துவிடும். வளையத்தைக் கண்டு ஒரு பாதையைத் தானே அடைத்துவைக்கும் விதியை ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1985இல் வகுத்தார். அவ்விதிக்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையில், அவ்வப்போது ஒட்டுப்போட்டு வளர்த்த வலை அந்த எல்லையைத் தாண்டி முடங்கியது. மருத்துவர்கள் சில நாட்கள் காகிதத்தில் எழுதியே நோயாளிகளைக் கவனிக்க நேர்ந்தது. வலையின் முழு வரைபடத்தையும் அறிந்து வைத்திராவிட்டால் உயிர்காக்கும் பணிக்கே இடையூறு நேரும் என்பதற்கு இது சான்று.

இந்த வரலாற்றை நம் அச்சகத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். எல்லா வைஃபை பெட்டிகளும் ஒருசேர நின்றனவா? வேரைப் பாருங்கள்: வெளியிலிருந்து வரும் இணைப்பு, ரவுட்டர், தலைமை ஸ்விட்ச். பல இடங்களில் பெட்டிகளுக்கு மின்சாரமும் அதே கேபிளில் வருவதால், ஸ்விட்ச் ஒன்று அணைந்தால் அதைச் சார்ந்த பெட்டிகள் யாவும் அணையும். ஒரு பெட்டி மட்டும் நின்றதா? கிளையைப் பாருங்கள்: அதன் கேபிள், செருகுமுனை, தூரம். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டரே எல்லை. எல்லாம் எரிகின்றன, ஆனால் தள்ளாடுகின்றனவா? வளையத்தைத் தேடுங்கள், கணினிகளுக்கு முகவரி வழங்கும் கருவி இரண்டாகிவிட்டதா என்றும் பாருங்கள். கேபிளில் இணைந்த கணினி நன்றாக இயங்கி, வைஃபை மட்டும் தடுமாறுகிறதா? அப்பொழுதுதான் காற்றின்மேல் ஐயம் கொள்ளலாம். அருகருகே உள்ள பெட்டிகள் ஒரே அலைவரிசையில் மோதாமல், 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்று பிரித்து வைக்கவேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் குறித்து வையுங்கள். ஐந்தையும் ஒருங்கே மாற்றியவனுக்கு வலை திரும்பக் கிடைக்கலாம், காரணம் கிடைக்காது. காரணம் கிடைக்காத பழுது மீண்டும் வரும்.

மாணவர்களே, வேலை நின்றவுடன் 'யார் செய்தது?' என்று கேட்பது எளிது. பெரும்பாலும் அக்கேள்வி விழுவது புதிதாக வேலைக்கு வந்த இளைஞன் தலையில்தான். தந்திக்காரர்களோ 'எந்த இடத்தில்?' என்று கேட்டார்கள். அதனால் வேலையும் விரைவில் நடந்தது. குற்றமற்றவன் பழி சுமக்கவும் நேரவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்பதும் அறத்தின் பாற்பட்டதே.